பாதிக் கூலி

இந்தக் கதை என்னிடம் நேராக வந்ததில்லை. லோகேஸ்வரன் அசாருதீனிடம் சொன்னான். அசாருதீன், அவிநாசி ரோட்டில் பஸ் நகராமல் நின்ற ஒரு மாலையில் என்னிடம் சொன்னான். இருவரும் திருப்பூரில் ஒரே ஏற்றுமதிக் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர்களாக இருந்தவர்கள், ஆர்டர் நின்றபோது ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள். லோகேஸ்வரனை நான் இதுவரை பார்த்ததில்லை. பார்க்காத ஒருவனின் மனதுக்குள் ஓடியதை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். ஆனால் அன்று வெளியே நடந்தது மிகக் குறைவு. முடி வெட்டிக்கொண்டான், ஒரு போன் பேசினான், அவ்வளவுதான். மீதியெல்லாம் அவன் யோசித்தது. அதைத்தான் அவன் திரும்பத் திரும்பச் சொன்னானாம். அசாருதீன் விட்டுவிட்ட இடங்களை எனக்குத் தெரிந்த பயத்தைக் கொண்டு நிரப்பியிருக்கிறேன்.

சலூன்காரர் மாதேஸ் வெள்ளைத் துணியை ஓர் உதறு உதறி அவன் மேல் போர்த்தி, கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டபோது, லோகேஸ்வரன் முந்நூற்று ஐம்பத்தெட்டு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு நாளைக்கு முந்நூற்று ஐம்பத்தெட்டு. தொண்ணூறு நாளைக்கு முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம். அந்தச் சொச்சம் எவ்வளவு என்பது பல் விளக்கும்போது தெரிந்திருந்தது, செருப்பு மாட்டும்போது தெரிந்திருந்தது, இப்போது முடிச்சு கொஞ்சம் இறுக்கமாக விழுந்ததில் நழுவிவிட்டது. முந்நூற்று ஐம்பதைத் தொண்ணூறால் பெருக்கினால் முப்பத்தோராயிரத்து ஐந்நூறு, எட்டுத் தொண்ணூறு எழுநூற்று இருபது, சேர்த்தால் முப்பத்திரண்டாயிரத்து இருநூற்று இருபது. இருக்கிறது, எங்கும் போகவில்லை. வேலை போனவர்களுக்குத் தொழிலாளர் காப்பீட்டில், ஈ.எஸ்.ஐ.யில், இப்படி ஓர் உதவி உண்டு என்று அசாருதீன்தான் போனில் அனுப்பியிருந்தான். சராசரி நாள் கூலியில் பாதி, தொண்ணூறு நாள் வரைக்கும், வாழ்நாளில் ஒரு முறை. வாழ்நாளில் ஒரு முறை என்ற இடத்தில் அவனுக்கு ஒவ்வொரு தடவையும் தடுக்கியது. இருபத்தாறு வயதில் அதைச் செலவழித்துவிட்டால் நாற்பது வயதில் என்ன செய்வது, நாற்பதில் இதைவிட மோசமாக ஏதாவது வருமே, அப்போது போய்க் கேட்டால் கொடுத்தாயிற்று என்பார்களே. ஆனால் நாற்பது வயது வெள்ளிக்கிழமைக்கு அப்பால் எங்கோ இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் மேகலாவுக்கு இரண்டாம் வருடப் பணம் கட்ட வேண்டும். மேகலா அவன் தங்கை, நர்சிங் படிக்கிறாள், அடுத்த வாரம் வகுப்புத் தொடங்குகிறது. கையில் இருந்தது பாதிக்கும் கொஞ்சம் கீழே. பாதியை இப்போது கட்டிவிட்டு மீதியை மூன்று மாதத்தில் கட்டுகிறேன் என்று கல்லூரி ஆபீசில் போய் நின்றபோது, அங்கே இருந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, மூன்று மாதத்தில் எங்கிருந்து வரும் தம்பி, வேலை இல்லை என்கிறீர்களே என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அரசாங்கத்திடமிருந்து வரும் என்று சொன்னான். அப்படியானால் மனுப் போட்டதற்கு ஒரு சான்று கொண்டுவாருங்கள், பிரின்சிபாலிடம் பேசிப் பார்க்கிறேன் என்றார். அதனால் இன்று, புதன்கிழமை, ஈ.எஸ்.ஐ. ஆபீஸ். அதற்கு முன்னால் சலூன், ஏனென்றால் இந்தத் தாடியோடு போய் ஆபீசர் முன்னால் நிற்காதே, வேலைவெட்டி இல்லாதவன் என்று நினைத்துக்கொள்வார்கள் என்று அம்மா சொல்லிவிட்டாள். வேலை இல்லை என்று சொல்லத்தானே அம்மா போகிறேன் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அம்மா சிரித்திருப்பாள். அம்மா சிரித்தால் தன்னால் தாங்க முடியாது என்று தோன்றியதால் பேசாமல் கிளம்பி வந்துவிட்டான். வரும் வழியெல்லாம் அதையே யோசித்தான், ஒருவேளை தாடியோடு போவதுதான் நல்லதோ, மழமழவென்று சவரம் செய்துகொண்டு போய் நின்றால் இவனுக்கு என்ன குறைச்சல் என்று அவர்களுக்குத் தோன்றுமோ, உதவி கேட்கப் போகிறவன் எந்த முகத்தோடு போக வேண்டும் என்று யாரிடம் கேட்பது.

இன்றைக்குக் கம்பெனி லீவுங்களா என்று மாதேஸ் கேட்டார். ஆமாம் என்றான். சொன்ன பிறகு, எதற்குப் பொய் சொன்னேன், இவருக்கும் எனக்கும் என்ன என்று இருந்தது, திருத்திச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் பாட்டிலிலிருந்து தண்ணீர் தலையில் பீய்ச்சியது, ஜில்லென்று முதுகுக்குள் ஒரு கோடு இறங்கியது. மாதேஸ் அவன் பதிலை நம்பியதாகவும் தெரியவில்லை. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கூட்டம், இப்போது எல்லா நாளும் ஆள் வருகிறது, அதனால் வியாபாரம் கூடிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம், கட்டிங் மட்டும் போதும், சவரத்தை வீட்டில் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள் என்று, யாருக்கோ சொல்வது போலக் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே சீப்பை எடுத்தார். "ஆர்டர் இல்லீன்னா எல்லாத்தையும் நிறுத்தீர்றாங்க தம்பி. தாடி ஒண்ணுதான் லே ஆஃப் இல்லாம வளருது." பின்னால் பெஞ்சில் காத்திருந்தவர் பேப்பருக்குள்ளிருந்து சிரித்தார். லோகேஸ்வரனும் கண்ணாடியில் சிரித்தான், சிரிப்பு நின்ற பிறகும் முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, அதை எடுத்துவிடத் துணிக்குள்ளிருந்து கையை வெளியே கொண்டுவர முடியவில்லை. கத்திரி காதருகே வந்தது. முடியைத் தொடுவதற்கு முன்னால் வெறும் காற்றில் இரண்டு தடவை வெட்டிப் பார்ப்பது மாதேஸின் வழக்கம். முந்நூற்று ஐம்பத்தெட்டு, முந்நூற்று ஐம்பத்தெட்டு. வெள்ளைத் துணியில் கறுப்பு முடி விழுந்தது. அம்மாவுக்கு நேர்மாறாக இருக்கும், கறுப்பு முடியில் வெள்ளைப் பஞ்சு. பள்ளிக்கூடம் விட்டு நேராக அம்மாவின் பனியன் கம்பெனிக்குப் போய், வெட்டுத் துணிக் குவியலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய நாட்களில், வேலை முடிந்து வரும் அம்மாவின் தலையிலும் புருவத்திலும் இமையிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். தலைக்குத் துண்டு கட்டியிருந்தாலும் எப்படியோ உள்ளே போய்விடும். உங்கம்மாவுக்கு எல்லாம் நரைச்சுப்போச்சாடா என்று கூடப் படித்த பையன் ஒருவன் கேட்டான், அதற்குப் பிறகு அம்மா தெருவுக்கு வருவதற்குள் ஓடிப்போய்ப் புருவத்தைத் துடைத்துவிடுவான். அம்மா குனிந்து முகத்தைக் காட்டுவாள், அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்திருப்பாள். அப்பா செத்த வருடம், கடனை அடைத்துவிட்டுத் திரும்பிவிடலாம், ஒரே வருடம் என்று தாராபுரத்துப் பக்கமிருந்து வந்தவள். பதினெட்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரே வருடம். மேகலாவும் அதைத்தான் சொன்னாள். போன வாரம் ரசத்தை ஊற்றிக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி, "நானும் ஒரு வருசம் அம்மா கூடப் போறேண்ணா, அப்பறம் படிச்சுக்கறேன்" என்றாள். கடைக்குப் போய் வருகிறேன் என்பது போலச் சொன்னாள். அவன் கத்திவிட்டான். எதற்கு அத்தனை சத்தம் என்று இப்போதும் தெரியவில்லை, வீட்டில் முதலில் படித்தவன் நான், நான் இருக்கும்போது இன்னொருத்தி அந்தப் பஞ்சுக்குள் போக வேண்டாம், அரசாங்கம் பணம் கொடுக்கிறது, முப்பத்திரண்டாயிரம், என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று கத்தினான். அன்றிலிருந்து அந்தத் தொகை வீட்டுக்குள் வந்துவிட்டது. அம்மா அதைப் பற்றி ஊரிலிருந்து வரப்போகும் உறவுக்காரரைக் கேட்பது போலக் கேட்டாள், "அது எப்ப சாமி வரும்?" மேகலா அதற்குப் பிறகு கம்பெனிப் பேச்சையே எடுக்கவில்லை. நல்ல பிள்ளையாகத் தோழி வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருக்கிறாள். தன் கத்தலுக்கு ஒரு பலன் இருந்தது என்று அவனுக்கு ஒரு சின்ன ஆறுதல்.

தலையைக் குனியுங்க என்று மாதேஸ் உச்சியில் விரலை வைத்து அழுத்தினார். குனிந்தான். மடியில் முடி, துணிக்கு அடியில் இரண்டு கைகளின் மேடு. பிடரியில் மெஷின் ஓடியது, எலும்புக்குள் ஒரு முனகல், பல் வரைக்கும் வந்தது. குனிந்த நிலையில் கணக்கு வேறு மாதிரி தெரிந்தது. செக்கிங்கில் நிற்கும் அம்மாவுக்கு ஒரு ஷிப்டுக்கு முந்நூற்றெண்பது. காலை எட்டரையிலிருந்து நின்றுகொண்டே, வருகிற பீஸையெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாவற்றையும் கண்டுபிடித்து ஒதுக்கினால் முந்நூற்றெண்பது. வீட்டில் படுத்துக்கிடந்தால் எனக்கு முந்நூற்று ஐம்பத்தெட்டு. இந்தக் கணக்கு அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாள். ஒன்றும் நினைக்க மாட்டாள், படிச்சவனுக்குச் சும்மா இருந்தாலும் அவ்வளவு குடுக்கறாங்க என்று பக்கத்து மேசைப் பெண்களிடம் பெருமையாகச் சொல்வாள். அதுதான் இன்னும் மோசம். அவர்கள் சிரிப்பார்கள், யாராவது ஒருத்தி, அப்படீன்னா நாமளும் படிச்சுப்போட்டுச் சும்மா இருந்திருக்கலாங்க்கா என்பாள். மெஷின் நின்றது, நிமிரச் சொன்னார், நிமிர்ந்தான். சராசரி என்று சொல்கிறார்களே, எந்தச் சம்பளத்தின் சராசரி. இது நேற்றே வந்த சந்தேகம், நேற்று அதை ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தான். பழைய சம்பளம் இருபதாயிரத்து இருநூறு. புதுச் சம்பளம் இருபத்தோராயிரத்து ஐந்நூறு. புதுச் சம்பளத்தை முப்பதால் வகுத்துப் பாதியாக்கித்தான் முந்நூற்று ஐம்பத்தெட்டு வந்தது. புதுச் சம்பளம் போன வருடம் ஏப்ரலிலிருந்து. ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று, ஆகவே புதுச் சம்பளத்தைத்தான் எடுப்பார்கள், எடுக்க வேண்டும், அதுதான் நியாயம். அசாருதீன் அனுப்பியதில், வேலை போவதற்கு முந்திய ஆறு மாதக் கணக்கில் குறைந்தது எழுபத்தெட்டு நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அதைப் படித்து அவன் சிரித்தேவிட்டான், எழுபத்தெட்டு என்ன, ஆறு மாதத்தில் நாலு நாள் கூட லீவு போட்டதில்லை, காய்ச்சலோடு போய் சாம்பிள் அனுப்பியிருக்கிறான்.

சேவிங்கும் பண்ணீரலாங்களா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினான். நாற்காலி பின்னால் சாய்ந்தது, கூரையில் மின்விசிறி, அதன் நடுவில் ஒட்டடை, நுரை மூக்கோரம் வரைக்கும் வந்தது. மாதேஸ் பிளேடை ஒடித்துக் கத்தியில் மாட்டும் சத்தம் கேட்டது. அந்த ஏப்ரலில் மேனேஜர் கூப்பிட்டு, உனக்கு ஆயிரத்து முந்நூறு கூட்டியிருக்கிறோம், ஸ்லிப்பில் இருபதாயிரத்து எண்ணூறு காட்டிவிட்டு மீதியைத் தனியாக வவுச்சரில் ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாம், எல்லோரும் அப்படித்தான் வாங்குகிறார்கள் என்றார். அசாருதீன் அப்படித்தான் வாங்கினான். லோகேஸ்வரன் மட்டும், வேண்டாம் சார், முழுசும் ஸ்லிப்பிலேயே வரட்டும் என்று கேட்டு வாங்கினான். மேகலாவின் படிப்புக்கு வங்கியில் கடன் கேட்க வேண்டியிருந்தது. வாங்குகிற சம்பளம் காகிதத்தில் இருக்க வேண்டும், அதுதான் முறை, அதுதான் படித்தவன் செய்ய வேண்டியது என்று நினைத்தான். இந்த ஸ்லிப்பை ஃப்ரேம் போட்டு மாட்டிக்கடா என்று அசாருதீன் கிண்டல் செய்தான். கடைசியில் வங்கியில் ஸ்லிப்பை வாங்கிப் பார்க்கவே இல்லை, தங்கை நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்திருக்கிறாள், அதற்குக் கடன் வராது என்று சொல்லிவிட்டார்கள். அது பிறகு. ஏப்ரலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. செக்‌ஷனுக்கே பப்ஸும் டீயும் வாங்கிக் கொடுத்தான். அக்கவுண்ட்ஸில் இருந்த கலைவாணி அக்கா பப்ஸை இரண்டாகப் பிய்த்துக்கொண்டே ஒன்று சொன்னாள். என்ன சொன்னாள். பப்ஸ் துகள் உதட்டில் ஒட்டியிருந்தது, அதைத் துடைத்துவிட்டுச் சொன்னாள். கத்தி காதுக்குக் கீழே ஆரம்பித்துத் தாடை வழியாக இறங்கியது, நுரைக்குள் மயிர் அறுபடும் சிறு சத்தம், அந்தச் சத்தத்தினூடே அவள் சொன்னது முழுசாகக் கேட்டது. "லோகு, இந்த மாசத்திலிருந்து உனக்கு ஈ.எஸ்.ஐ. புடிக்க மாட்டோம். இருபத்தோராயிரத்தத் தாண்டிட்ட. கைக்கு நூத்தம்பது சேத்தி வரும், சந்தோசந்தானே?" சந்தோஷம்க்கா என்று அவன் சொன்னான். சொன்னது கூட நினைவிருக்கிறது. கையிலிருந்த டீயின் சூடு நினைவிருக்கிறது. நூற்றைம்பதா, பரவாயில்லை, போன் ரீசார்ஜுக்கு ஆச்சு என்று சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆடாதீங்க தம்பி என்று மாதேஸ் கையை எடுத்தார். அவன் ஆடியது அவனுக்குத் தெரியவில்லை. தாடைக்குக் கீழே எரிந்தது. ஒண்ணுமில்லீங்க, லேசாத்தான் என்று மாதேஸ் படிகாரக் கல்லை நனைத்து வைத்தார், எரிச்சல் அதிகமாகிப் பிறகு குறைந்தது.

சந்தா. எழுபத்தெட்டு நாள் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று போடவில்லை, சந்தா கட்டியிருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. ஒரு வருடத்துக்கு மேலாக ஒரு நாள் கூடக் கட்டவில்லை. அட்டை பர்ஸில் இருக்கிறது, பிளாஸ்டிக் உறையில் புதுசு மாதிரி, அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இத்தனை நாளும் இருந்திருக்கிறான். ஒருவேளை கலைவாணி அக்கா பிடிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு மறந்துபோய்ப் பிடித்திருப்பாளா. அவள் மறக்கிறவள் இல்லை. கைக்கு நூற்றைம்பது கூட வந்ததே, அதை மாதா மாதம் பார்த்தானே. ஒருவேளை பழைய சந்தாவையும் சேர்த்துப் பார்ப்பார்களா, நாலு வருடம் கட்டியிருக்கிறேன் சார், அது எங்கே போயிற்று சார் என்று கேட்கலாமா. கேட்கலாம், அவர்கள் பொறுமையாகவே பதில் சொல்வார்கள், உங்களுக்கு அப்போது உடம்பு சரியில்லாமல் போயிருந்தால் பார்த்திருப்போம் தம்பி, உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள், அது உண்மைதான், அப்போது ஒன்றும் ஆகவில்லை. அசாருதீனுக்குக் கிடைக்கும். ஸ்லிப்பில் இருபத்தோராயிரத்துக்குக் கீழே காட்டி மீதியை வவுச்சரில் வாங்கியவனுக்குக் கிடைக்கும். அவன் மேல் பொறாமை வருகிறதா என்று தேடிப் பார்த்தான், வரவில்லை, பொறாமைப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது. வேறு என்ன இருக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்திருக்கிறானே, பட்டம் வாங்கிய கையோடு பதிந்தது, அங்கே படித்து வேலையில்லாதவர்களுக்கு மாதம் அறுநூறு ரூபாய் தருகிறார்கள். அறுநூறு. அதுவும் பதிந்து ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும், குடும்ப வருமானம் வருடத்துக்கு எழுபத்திரண்டாயிரத்தைத் தாண்டக் கூடாது. அம்மாவின் கூலியே தாண்டிவிடும். அம்மா நிற்கிற நேரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டிருந்தால் நான் அரசாங்கத்தின் கண்ணுக்கு ஏழையாக இருந்திருப்பேன், நான் ஆயிரத்து முந்நூறையும் ஸ்லிப்பில் கேட்காமல் இருந்திருந்தால் தொழிலாளியாக இருந்திருப்பேன். இப்போது எந்தப் பக்கத்துக் கோட்டுக்குள்ளும் இல்லை. பெருக்கிப் பெருக்கி வைத்திருந்த முந்நூற்று ஐம்பத்தெட்டு இப்போதும் வாயில் இருந்தது. எட்டுத் தொண்ணூறு எழுநூற்று இருபது. பெருக்கல் சரியாகத்தான் இருந்தது, அதில் எந்தத் தப்பும் இல்லை. வெள்ளிக்கிழமை, கல்லூரி ஆபீசின் அந்த மூக்குக்கண்ணாடிக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். நிமிர்ந்து பார்த்து என்ன தம்பி, சான்று எங்கே என்று கேட்பார். சான்று இல்லை என்றால் பிரின்சிபால் இல்லை, பிரின்சிபால் இல்லையென்றால் ஒரே வருடம். மாதேஸ் முகத்தில் தண்ணீர் அடித்தார், துடைத்தார், பவுடர் வாசனை வந்தது, ஐந்தாம் வகுப்பில் பரிசு வாங்கப் போன அன்று அம்மா இதே வாசனைப் பவுடரை அப்பிவிட்டது ஞாபகம் வந்தது, அந்தப் பரிசு ஒரு சோப்பு டப்பா, அது இப்போதும் வீட்டில் இருக்கிறது, அதைப் பற்றி இப்போது எதற்கு யோசிக்கிறேன், யோசிக்க வேண்டியது வேறு, ஆனால் யோசிக்க வேண்டியதில் யோசிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

துணிக்கு அடியில் பேண்ட் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பேசுங்க தம்பி, பரவால்லீங்க என்று மாதேஸ் கிருதாவைச் சரிபார்த்துக்கொண்டே சொன்னார். அவன் எடுக்கவில்லை. தொடைமேல் அது அதிர்ந்து அதிர்ந்து தானாக நின்றது. ஈ.எஸ்.ஐ. ஆபீசிலிருந்து இருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது, இன்னும் மனுவே போடாதவனை எப்படிக் கூப்பிடுவார்கள் என்றும் தோன்றியது. மாதேஸ் துணியை அவிழ்த்து உதறினார். கண்ணாடியில் ஒரு சுத்தமான முகம் இருந்தது, எந்த ஆபீசருக்கு முன்னாலும் கொண்டுபோய் நிறுத்தக்கூடிய முகம். சம்பளம் வாங்குகிற முகம் என்று நினைத்தான். காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, சலூன் கூரையின் நிழல் விழுந்த இடத்தில் நின்று பார்த்தான். மேகலா. கூப்பிட்டான். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள், அவளுக்குப் பின்னால் ஏதோ இரைச்சலாக இருந்தது.

"அண்ணா, எங்க இருக்க?"

சலூனில், முடிந்துவிட்டது, இங்கிருந்து நேராக ஆபீசுக்குத்தான் போகிறேன் என்றான்.

"அண்ணா, உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும். திட்டக்கூடாது."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவனுக்குப் புரிந்தது. அவள் சொல்வதற்கு முன்னால் தான் சொல்லிவிட வேண்டும் என்று ஓர் அவசரம் வந்தது. அந்தக் கம்பெனிப் பேச்சை மறுபடியும் எடுக்கப்போகிறாள், எடுத்தால் இந்தத் தடவை கத்துவதற்குத் தன்னிடம் ஒன்றுமில்லை, சரி என்று சொல்லிவிடுவேன் என்று பயந்தான். "மேகலா, நீ ஒண்ணும் யோசிக்காத. முப்பத்திரண்டாயிரம் வருது. இப்பத்தான் பேசுனேன், உறுதி பண்ணிட்டாங்க. வெள்ளிக்கிழமை பாதியக் கட்டிரலாம், மிச்சம் மூணு மாசத்துல." ஒரு மூச்சில் சொல்லி முடித்தான். யாரிடம் பேசினாய், எப்போது பேசினாய் என்று கேட்பாள் என்று காத்திருந்தான். அவள் கேட்கவில்லை. அந்தப் பக்கம் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது, ஓவர்லாக் தையல் மெஷின்கள் வரிசையாக ஓடுகிற இரைச்சல், திருப்பூரில் வளர்ந்தவனுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

"சரிண்ணா," என்றாள்.

"என்ன சத்தம் அங்க? எங்க இருக்க?"

"அம்மா கம்பெனிலண்ணா. அம்மா சோத்துப் போசிய மறந்துட்டு வந்துருச்சு. குடுக்க வந்தேன்."

"என்னமோ சொல்லோணும்னயே?"

"ஒண்ணுமில்லண்ணா. சாயங்காலம் சொல்றேன். நீ வெயில்ல அலையாத."

போனை வைத்துவிட்டாள். காலை பத்தே முக்கால் இருக்கும். கம்பெனிகளில் மதியச் சாப்பாடு ஒரு மணிக்கு. தோழி வீட்டில் பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் பத்தே முக்காலுக்கு எதற்காகச் சோற்றைக் கொண்டு ஓட வேண்டும். காலையிலிருந்து எத்தனையோ கணக்குப் போட்டவன் அந்த ஒரு கணக்கை மட்டும் போடவில்லை. போட முடியாமல் இல்லை, போடவில்லை என்றுதான் அசாருதீனிடம் சொல்லியிருக்கிறான். அப்போது அவனுக்கு, தான் சொன்ன பொய்யை அவள் நம்பிவிட்டாள் என்ற நிம்மதிதான் பெரிதாக இருந்தது. அந்த நிம்மதி பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தது. பிறகு அது நின்றுவிட்டது, அவன் மட்டும் பஸ் ஏறினான்.

ஈ.எஸ்.ஐ. ஆபீசுக்குப் போனானா என்று நான் அசாருதீனிடம் கேட்டேன். போனானாம். கேட்டானாம். எதிர்பார்த்த பதிலையே சொன்னார்களாம், மரியாதையாகவே சொன்னார்களாம். அன்று சாயங்காலம் மேகலா என்ன சொன்னாள் என்று கேட்டதற்கு அசாருதீனுக்குத் தெரியவில்லை, அதை லோகேஸ்வரன் சொல்லவில்லை என்றான். என் சித்தி, அவன் அம்மா வேலை பார்க்கும் அதே பனியன் கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனபோது கேட்டேன். யோசித்துப் பார்த்துச் சொன்னாள். மேகலா அங்கே செக்கிங்கில் வேலைக்குச் சேர்ந்தது அந்தப் புதன்கிழமைக்கு முந்திய திங்கட்கிழமை. கூட்டிக்கொண்டு வந்து சேர்த்துவிட்டது அவள் அம்மா.